பிளாக்ஜாக் மேசையில் உட்காரும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு ராத்திரியாவது லாஸ் வேகஸ் போயே ஆக வேண்டும் என்பார்கள். பாலைவனத்தில் நாலு மணி நேரம் கார் ஓட்டும்போது பின் இருக்கையிலிருந்து வரும் கேள்விகள் பல வருஷமாக அதே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதை இந்த முறை எழுதி வைக்கிறேன். சம்பாதிக்கிற வழி எதுவும் இதில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேசினோவில் இருக்கிற ஆட்டங்களில் நீங்கள் எடுக்கும் முடிவால் உங்கள் நஷ்டம் நிஜமாகவே குறைகிற ஆட்டங்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் இது ஒன்று. தெரிந்து ஆடுபவருக்கும் தெரியாமல் ஆடுபவருக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு, அதனால்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்.

இது ரம்மி மாதிரியா? ஆட்டம் என்னதான்?

ரம்மி மாதிரி இல்லை. செட்டு சேர்க்கிற வேலை கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களுக்கு எதிரியும் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற டீலர் ஒருவரோடு மட்டும்தான் உங்கள் ஆட்டம். 2 முதல் 10 வரை சீட்டில் இருக்கிற எண்ணே மதிப்பு, ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10, ஏஸுக்கு 1 அல்லது 11, எது உங்களுக்கு வசதியோ அது. 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் ஜெயித்தீர்கள். தாண்டினால் பஸ்ட், அந்த நிமிஷமே உங்கள் காசு போய்விடும்.

எல்லோருக்கும் இரண்டு சீட்டு, டீலருக்கும் இரண்டு, அதில் ஒன்று திறந்து இருக்கும், ஒன்று கவிழ்த்து இருக்கும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்தும் (10, ஜாக்கி, ராணி, ராஜா எதுவானாலும்) வந்தால் அதுதான் பிளாக்ஜாக், அதற்குக் கூடுதல் பணம். இன்னொரு சீட்டு கேட்டால் ஹிட், போதும் என்றால் ஸ்டாண்ட், பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்கினால் டபுள், ஒரே மதிப்பில் இரண்டு வந்து அதை இரண்டு கையாகப் பிரித்தால் ஸ்பிளிட். சில மேசைகளில் பாதிப் பணத்தை விட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம், அதற்கு சரண்டர் என்று பேர்.

டீலருக்கு யோசிக்கிற உரிமையே இல்லை. 16 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வாங்கியே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். உங்களைப் பார்த்து அவர் எதையும் மாற்ற முடியாது. ஏஸை 11 என்று எண்ணி வருகிற 17-க்கு, அதாவது சாஃப்ட் 17-க்கு மட்டும், மேசைக்கு மேசை விதி மாறும்.

இரண்டு பேருக்கும் அதே சீட்டுக்கட்டுதானே, அப்புறம் ஏன் கேசினோவே ஜெயிக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், டீலர் கடைசியில் ஆடுகிறார். நீங்கள் பஸ்ட் ஆனால் உங்கள் சிப்பை, அதாவது காசுக்குப் பதில் வைக்கிற வில்லையை, அப்போதே எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அப்புறம் டீலரும் பஸ்ட் ஆனாலும் அந்தப் பணம் திரும்பி வராது. கேசினோவின் சம்பாத்தியம் முழுக்க அந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

கணக்காகச் சொல்கிறேன். டீலர் சுமார் 28 சதவீதம் தடவை பஸ்ட் ஆவார். நீங்களும் டீலர் மாதிரியே 17 வரும்வரை வாங்கி ஆடினால் நீங்களும் அதே 28 சதவீதம். இரண்டு பேருமே பஸ்ட் ஆகிறது 28 சதவீதத்தில் 28 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 8 சதவீதம் கைகளில், அத்தனையும் கேசினோவுக்கு. உங்கள் பிளாக்ஜாக்குக்கு அவர்கள் கூடுதலாகத் தருவதைக் கழித்தால் சுமார் 5.5 சதவீதம் நிற்கும். நூறு டாலர் பந்தயம் வைத்தால் ஐந்தரை டாலர் போகும் என்று அர்த்தம்.

இந்த ஐந்தரையை நீங்கள் அரை சதவீதம் வரை கீழே கொண்டுவர முடியும். டீலர் தடுமாறுகிற நேரத்தில் 12-லும் 13-லும் நிறுத்திக்கொள்வது, நல்ல நேரத்தில் டபுள் பண்ணுவது, சரியான ஜோடியைப் பிரிப்பது, இவை மூன்றும் உங்களுக்கு இருக்கின்றன, டீலருக்கு இல்லை. அதற்கும் ரொம்பக் கீழே போவது சாதாரணமாக ஆடுகிறவருக்கு நடக்காத காரியம். சராசரியாக நூறு கையில் 42, 43 ஜெயிப்பீர்கள், எட்டு ஒன்பது சமமாகும், மீதி தோற்பீர்கள். டபுளிலும் பிளாக்ஜாக்கிலும் வருகிற கூடுதல் பணம்தான் அந்தக் குறையை ஏறக்குறைய ஈடுகட்டுகிறது.

எந்த மேசையில் உட்காரலாம்?

மேசைத் துணியில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் உட்காராதீர்கள். பிளாக்ஜாக்குக்கு 3:2 (இரண்டு டாலருக்கு மூன்று) தருகிறார்களா, 6:5 (ஐந்து டாலருக்கு ஆறு) தருகிறார்களா, அது ஒன்றுதான் முதலில் பார்க்க வேண்டியது.

நான் முதல் தடவை போனபோது இதைப் பார்க்கவில்லை. 25 டாலர் வைத்திருந்தேன், ஏஸும் ராஜாவும் வந்தது, 37.50 வரும் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 30 டாலர் கொடுத்தார்கள். தப்பாகக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். டீலர் மரியாதையாகத் துணியில் இருந்த எழுத்தை விரலால் காட்டினார், 6:5. விதிப்படி அவர்கள் செய்தது சரிதான், ஆனால் பெயரை மாற்றாமல் ஆட்டத்தின் விலையை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏழரை டாலர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆறு கட்டு வைத்து ஆடும்போது 21 கைக்கு ஒரு தடவை உங்களுக்கு பிளாக்ஜாக் வரும், ஒரு மணி நேரத்தில் 70 கை ஆடினால் மூன்று, நாலு தடவை. இந்த ஒரு விதி மட்டும் கேசினோவின் லாபத்தை 1.4 சதவீதம் அளவுக்கு ஏற்றிவிடுகிறது. 15 டாலர் மேசையில் மணிக்கு 70 கை என்றால் 1,050 டாலர் பந்தயம். 3:2 மேசையில், டீலர் சாஃப்ட் 17-க்கு வாங்குகிற விதி இருந்தாலும், சரியாக ஆடினால் மணிக்குச் சராசரியாக ஆறு, ஏழு டாலர் செலவு. அதே மேசை 6:5 என்றால் 21 டாலர். எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும் அந்த வித்தியாசத்தை மீட்க முடியாது.

லாஸ் வேகஸில் ஸ்ட்ரிப் பக்கம், அதாவது பெரிய கேசினோக்கள் வரிசையாக இருக்கிற சாலையில், குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6:5 ஆகிவிட்டன. 3:2 வேண்டுமென்றால் பந்தயம் அதிகமான மேசைக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே தேட வேண்டும். ‘ஒரே கட்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிற மேசையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் நிறைய 6:5தான். அடுத்ததாக ‘டீலர் சாஃப்ட் 17-க்கு வாங்குவார்’ என்று இருக்கிறதா பாருங்கள், அது 0.2 சதவீதம் உங்களுக்குப் பாதகம். டீலருக்கு 22 வந்தால் சமம் என்று ஒரு வரி இருந்தால் அது வேறு ஆட்டம், அதற்குத் தனியாகப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

பேசிக் ஸ்ட்ராட்டஜி என்கிறார்களே, அது யாரோ சொன்ன டிப்ஸா?

டிப்ஸ் இல்லை, கணக்கு. 1956-ல் பால்ட்வின், கான்டி, மைசெல், மெக்டெர்மாட் என்று அமெரிக்க ராணுவத்தில் இருந்த நாலு பேர், மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கைக்கும் எது சிறந்தது என்று கணக்குப் போட்டு, ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் அவர்கள் கண்டுபிடித்தது இன்றைய கணக்கோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போகிறது. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்ததே இந்த நாலு பேர் கதையைக் கேட்ட பிறகுதான்.

இதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது, கேசினோ கடையிலேயே அட்டையாக விற்பார்கள், பெரும்பாலான இடங்களில் மேசையில் வைத்துப் பார்த்து ஆடவும் விடுவார்கள். ஆட்டத்தை மெதுவாக்காமல் பார்த்தால் போதும், வெட்கப்பட வேண்டாம்.

மனசில் வைக்க வேண்டிய மூலக்கரு இது: டீலரின் திறந்த சீட்டு 2 முதல் 6 வரை என்றால் அவர் தடுமாறுகிறார், 7 அல்லது அதற்கு மேல் என்றால் பலமாக இருக்கிறார். 5, 6 காட்டும்போது அவர் பஸ்ட் ஆகிற வாய்ப்பு சுமார் 42 சதவீதம், 7 காட்டும்போது அது 26-க்கு இறங்கிவிடும். அதனால் உங்களிடம் 13 முதல் 16 வரை இருந்தால், அவர் 2 முதல் 6 வரை காட்டும்போது நிறுத்துங்கள், 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் வாங்குங்கள். 12 மட்டும் கொஞ்சம் வேறு, 4, 5, 6-க்கு எதிராக மட்டும் நிறுத்த வேண்டும், 2-க்கும் 3-க்கும் எதிராக வாங்க வேண்டும். ஏஸ் இல்லாத 17 வந்துவிட்டால் எதற்கும் வாங்காதீர்கள்.

11 வந்தால் 2 முதல் 10 வரை எதற்கு எதிராகவும் டபுள். 10 வந்தால் 9 வரைக்கும் டபுள், 9 வந்தால் 3 முதல் 6 வரைக்கும். ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் எப்போதும் பிரியுங்கள், 5 ஜோடியையும் பத்து ஜோடியையும் எப்போதும் பிரிக்காதீர்கள். கையில் 20 இருக்கும்போது ஆசைப்பட்டு அதை இரண்டாக உடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். 9 ஜோடியில் ஒரு அழகு இருக்கிறது. டீலர் 2 முதல் 9 வரை காட்டினால் பிரிக்க வேண்டும், ஆனால் நடுவில் 7-க்கு மட்டும் கூடாது, ஏனென்றால் அவர் 17-ல் நிற்கிற வாய்ப்பு அதிகம், உங்கள் 18 அப்படியே ஜெயித்துவிடும்.

நம் ஆட்கள் அதிகம் தப்பு பண்ணுவது ஏஸும் 6-ம், ஏஸும் 7-ம் வருகிற இடங்களில். சாஃப்ட் 17-ல் ஒருபோதும் நிற்கக் கூடாது, ஒரு சீட்டு வாங்கினால் பஸ்ட் ஆக வழியே இல்லை, நின்றாலோ அந்த 17 பெரும்பாலும் தோற்கிற கை. சாஃப்ட் 18 வைத்துக்கொண்டு டீலர் 9, 10, ஏஸ் காட்டினால் அதற்கும் வாங்கத்தான் வேண்டும், மனசு ஒப்பாது, ஆனாலும் வாங்குங்கள்.

16 வந்து டீலர் 10 காட்டினால்?

எது செய்தாலும் மோசம்தான். வாங்கினால் 13-க்கு 8 பங்கு, அதாவது 61.5 சதவீதம் பஸ்ட். நின்றால், டீலர் பஸ்ட் ஆகிற அந்த 23 சதவீதத்தை நம்பி இருக்கிறீர்கள். இரண்டு வழியிலும் நூறு டாலருக்குச் சராசரியாக 54 போகும், வாங்குவது மயிரிழை அளவு நல்லது. சரண்டர் இருந்தால் 50-தான் போகும், அதனால் சரண்டர். இந்த ஒரு கையில் தோற்றதற்கு உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

டீலர் ஏஸ் காட்டி இன்சூரன்ஸ் வேண்டுமா என்கிறார், எடுக்கலாமா?

வேண்டாம். பேர்தான் இன்சூரன்ஸ், அது உங்கள் கைக்கு எந்தப் பாதுகாப்பும் தராத தனிப் பந்தயம்: கவிழ்ந்திருக்கிற சீட்டு பத்தா இல்லையா என்று. ஜெயித்தால் இரண்டு மடங்கு. நட்டமில்லாமல் இருக்க மூன்றில் ஒரு தடவையாவது பத்து இருக்க வேண்டும். ஆறு கட்டில், அந்த ஏஸை எடுத்துவிட்டால் மீதி 311 சீட்டு, அதில் பத்து 96 மட்டும். நூறு டாலருக்கு 7.4 டாலர் நஷ்டம்.

உங்களுக்கே பிளாக்ஜாக் வந்திருக்கும்போது ‘ஈவன் மணி’ வேண்டுமா என்று கேட்பார்கள். நிச்சயமாக ஒரு பங்கு கையில் கிடைக்கிறதே என்று எல்லோரும் தலையாட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவர்களும் எடுத்துக்கோ எடுத்துக்கோ என்பார்கள். அதுவும் அதே இன்சூரன்ஸ்தான். 3:2 மேசையில் மறுத்துவிட்டால் சராசரியாக ஒரு டாலருக்கு 1.04 கிடைக்கும், எடுத்தால் 1.

பக்கத்தில் வட்டம் போட்டு ஜோடி வந்தால் இத்தனை மடங்கு என்கிறார்களே?

சைடு பெட். ஆறு கட்டில் முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வருவது 7.4 சதவீதம்தான், மீதி நேரமெல்லாம் அந்த சிப் போய்க்கொண்டே இருக்கும். அரை சதவீத ஆட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பல சதவீத ஆட்டத்தையும் சேர்த்து ஆடாதீர்கள்.

மேசையில் எப்படி நடந்துகொள்வது? தப்பாக ஏதாவது பண்ணி அசிங்கப்படுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நிறையப் பேர் இந்தப் பயத்தில்தான் ஸ்லாட் மெஷினில் போய் உட்கார்ந்து அதிகம் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள், 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு கை முடிகிற வரை காத்திருந்து உட்காருங்கள். பணத்தை டீலர் கையில் கொடுக்கக் கூடாது, அவர் வாங்கவும் மாட்டார். மேசையில் வையுங்கள், மேலே இருக்கிற கேமராவுக்குத் தெரிகிற மாதிரி அவர் விரித்து எண்ணி சிப் தருவார். பெரும்பாலும் சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 டாலர்.

சீட்டுகள் திறந்து வைக்கப்படுகிற மேசையில் சீட்டைத் தொடாதீர்கள். பந்தயம் வைத்து முதல் சீட்டு வந்த பிறகு அந்த சிப்பையும் தொடக் கூடாது, டபுள் பண்ணும்போதுகூடப் புது சிப்பைப் பழையதன் பக்கத்தில் வைக்க வேண்டும், மேலே அடுக்கக் கூடாது. வேண்டும் என்றால் மேசையை விரலால் தட்டுங்கள், போதும் என்றால் உள்ளங்கையைக் கிடையாக ஆட்டுங்கள். வாயால் சொன்னால் போதாது, பிறகு தகராறு வந்தால் கேமராவில் கைதான் சாட்சி. நம் ஊர்ப் பழக்கத்தில் தலையை ஆட்டினால் டீலருக்கு ஆமாவா இல்லையா என்று புரியாது. போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். டீலர் நன்றாக நடந்துகொண்டால் எழுந்திருக்கும்போது ஒன்றிரண்டு சிப் கொடுங்கள், அவர்கள் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். புதிது என்று சொன்னால் பெரும்பாலான டீலர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள், கூட்டமில்லாத காலை நேரம் இதற்கு ரொம்ப நல்லது.

கடைசி நாற்காலிக்காரர் தப்பாக வாங்கியதால் எல்லோரும் தோற்றுவிட்டோம் என்று ஒருவர் கத்தினார், உண்மையா?

இல்லை. அவர் எடுத்த சீட்டு டீலரைக் காப்பாற்றியிருக்கலாம், அதே அளவுக்கு டீலரைக் கவிழ்த்தும் இருக்கலாம். அடுத்த சீட்டு என்னவென்று யாருக்கும் தெரியாதபோது இரண்டுக்கும் வாய்ப்பு சமம். கெட்டது நடந்தது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது. உங்களைப் பார்த்து யாராவது கத்தினால் பதில் பேசாமல் வேறு மேசைக்குப் போய்விடுங்கள்.

தோற்றால் இரட்டிப்பு, மறுபடி தோற்றால் மறுபடி இரட்டிப்பு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடுமே?

என் மச்சான் காரிலேயே நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். 15, 30, 60, 120, 240, 480. ஆறு தடவை தொடர்ந்து தோற்றால் 945 டாலர் போயிருக்கும், ஏழாவதுக்கு 960 வைக்க வேண்டும், மேசையின் உச்ச வரம்பு 500 என்று இருந்தால் வைக்கவே முடியாது. சமமானதைத் தள்ளிவிட்டால் ஒரு கை தோற்கிற வாய்ப்பு 52 சதவீதத்துக்கு மேல், ஆறு தொடர்ந்து என்பது ஐம்பதில் ஒரு தடவை மாதிரி. ஒரு சாயங்காலம் ஆடினால் சாதாரணமாக எதிர்ப்படும் விஷயம் அது. அவர் அந்த நோட்டை மடித்து வைத்துவிட்டார், எனக்கு நிம்மதியாக இருந்தது.

சீட்டு எண்ணி ஜெயிக்கலாமாமே? அது குற்றமா?

எண்ணலாம் என்பது உண்மை. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, வெளியே போன சீட்டைக் கவனித்தால் சில நேரம் சாதகம் ஆடுபவர் பக்கம் திரும்புகிறது என்று நிரூபித்தார். 1962-ல் அவர் எழுதிய புத்தகம் வந்த பிறகு கேசினோக்கள் விதிகளையே மாற்றிப் பார்த்தன.

இன்று பரவலாக இருக்கிற முறையின் பேர் ஹை-லோ. 2 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் கூட்டல் ஒன்று, 7, 8, 9-க்குப் பூஜ்யம், பத்துகளுக்கும் ஏஸுக்கும் கழித்தல் ஒன்று. எண்ணிக்கை மேலே போனால் மீதியில் பெரிய சீட்டுகள் அதிகம் என்று அர்த்தம், உங்களுக்கு பிளாக்ஜாக் வரவும் டீலர் பஸ்ட் ஆகவும் வாய்ப்பு கூடும், அப்போது பந்தயத்தை ஏற்றுவார்கள். வந்த எண்ணை மீதி இருக்கிற கட்டுகளால் வகுக்க வேண்டும். யார் என்ன சீட்டு என்று மனப்பாடம் பண்ணுகிற வேலை இல்லை, கூட்டல் கழித்தல்தான். ஆனால் சத்தத்துக்கு நடுவில், டீலரோடு பேசிக்கொண்டே, தப்பே இல்லாமல் மணிக்கணக்காகச் செய்ய வேண்டும், கையில் பெரிய முதலும் இருக்க வேண்டும். அத்தனையும் இருந்தும் மொத்தத்தில் 1 சதவீதம் சாதகம் கிடைத்தாலே பெரிது. சீட்டைத் தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருக்கிற மெஷின் வைத்த மேசையில் எண்ணிப் பிரயோஜனமே இல்லை.

மூளையால் எண்ணுவது குற்றம் இல்லை. ஆனாலும் லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தில் கேசினோ தன் இடம் என்ற உரிமையில் ‘நீங்கள் பிளாக்ஜாக் ஆட வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். நியூ ஜெர்சியில் கென் ஊஸ்டன் என்பவர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ ஒருவரைத் தானாகத் தடுக்க முடியாது என்று 1982-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். போனோ வேறு கருவியோ வைத்து எண்ணினால் நெவாடாவில் அது குற்றம், சிறைக்குப் போகிற அளவுக்குக் குற்றம். பாஸ்போர்ட்டோடு வந்திருக்கிறவர்கள் விளையாட்டுக்காகக்கூட அதைச் செய்யக் கூடாது.

எவ்வளவு பணம் கொண்டுபோகலாம்?

திரும்பி வராவிட்டாலும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் குறையாத பணம் மட்டும். மணிக்கு ஆறு டாலர் செலவு என்று மேலே சொன்னது சராசரிதான், ஒரு ராத்திரியில் நடப்பது வேறு. நூறு கை ஆடினால் பதினொரு, பன்னிரண்டு பந்தய அளவுக்கு மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம், 15 டாலர் மேசையில் அது 170 டாலர். அதனால் இருபது பந்தயம், அதாவது 300 டாலர், எடுத்துக்கொண்டு போய் அது தீர்ந்தால் எழுந்துவிடுவது என் வழக்கம். ஏ.டி.எம். அட்டையை ரூமிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். குடித்துக்கொண்டு ஆடுவதில்லை, இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும்.

சிங்கப்பூரிலோ கோவாவிலோ ஆடினால் இதே விதிதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே பல இடங்களில் டீலர் முதலில் ஒரு சீட்டு மட்டும்தான் எடுப்பார், இரண்டாவது எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான். அப்படி என்றால் நீங்கள் டபுள் பண்ணி, பிரித்து, எல்லாப் பணத்தையும் வைத்த பிறகு அவருக்கு பிளாக்ஜாக் வந்து மொத்தமும் போகலாம். அந்த மாதிரி மேசையில் டீலர் 10 அல்லது ஏஸ் காட்டும்போது 11-ஐ டபுள் பண்ணாதீர்கள், 8 ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். நீங்கள் ஆடுவதற்கு முன்பே 150 வெள்ளி நஷ்டத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்பதால், அங்கே இருக்கிற நம் ஆட்கள் போகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கோவாவில் பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கிற கப்பல்களில்தான் டீலரோடு ஆடுகிற மேசைகள், கரையில் ஹோட்டல்களில் மின்னணு ஆட்டங்கள். இரண்டு இடத்திலும் 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

மலேசியா, சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் உறவுக்காரன் ஒன்று தெரிந்திருக்கும், சீனப் புத்தாண்டுக்கு வீடுகளில் ஆடுகிற பன் லக். இரண்டு ஏஸ், ஐந்து சீட்டு என்று அதில் தனிப் பரிசுகள் இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஐந்து சீட்டு சேர்க்கலாம் என்று கேசினோ மேசையில் வாங்கிக்கொண்டே போகாதீர்கள், சாதாரண பிளாக்ஜாக்கில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

ஜெயித்தால் வரி உண்டா?

சுற்றுலா வந்தவருக்கு பிளாக்ஜாக்கில் ஜெயித்த பணத்துக்கு அமெரிக்க வருமான வரி இல்லை, சட்டத்திலேயே பிளாக்ஜாக், ரூலெட் போன்ற சில ஆட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஸ்லாட் மெஷினுக்கு அந்த விலக்கு கிடையாது. இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் அந்த வருமானத்தை ஊரில் கணக்கில் காட்ட வேண்டும், அங்கே சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீதம்.

வீட்டில் ஒருவர் நிறுத்த முடியாமல் ஆடுகிறார், என்ன செய்வது?

இது எனக்கு வருகிற கேள்விகளிலேயே கனமானது, பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ தனியாக அழைத்துக் கேட்பார்கள். விட்டதைப் பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தால், கடன் எங்கே வாங்கினார் என்பதை மறைக்க ஆரம்பித்திருந்தால், அவருக்கு பேசிக் ஸ்ட்ராட்டஜி சொல்லித் தந்து ஒரு பயனும் இல்லை, மேசையிலிருந்து முழுக்க விலக உதவி வேண்டும். திட்டினால் மறைப்பது அதிகமாகும். கடனை நீங்கள் அடைத்துவிட்டால் அது அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிவிடுகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் குடும்பத்தினரே விண்ணப்பித்து ஒருவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடுக்க முடியும், உதவி எண் 1800-6-668-668. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பை நீங்கள் செய்யலாம், அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

போவதற்கு முன் எப்படிப் பழகுவது?

ஆன்லைனில் பணம் கேட்கிற எதையும் தொடாதீர்கள், இந்தியாவில் 2025-ல் வந்த சட்டப்படி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடையும் இருக்கிறது. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் போதும். வீட்டில் ஒருவரை டீலராக உட்கார வையுங்கள், 17 வரை வாங்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லுங்கள். சுலபமான கைகளை ஆடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 20-க்கு யாரும் யோசிப்பதில்லை. 12 முதல் 16 வரை வருகிற கைகளையும் ஏஸ் சேர்ந்த கைகளையும் மட்டும் வேண்டுமென்றே எடுத்துப் போட்டு, எதிரே 2 முதல் ஏஸ் வரை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்து, அட்டவணையைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பழகுங்கள். என் சித்தி பையன் விமானம் ஏறுகிறதற்கு முன் ஒரு வாரம் இப்படிப் பழகிவிட்டு வந்தான், டீலருக்கு எதிரே சாஃப்ட் 18 வைத்துக்கொண்டு 9-ஐப் பார்த்ததும் தயங்காமல் மேசையைத் தட்டினான்.